பூட்டிய கதவுக்குப் பின்னால்: புறக்கணிப்பை அளக்கப் பார்த்த நூறு ஆண்டுகள்

போன எபிசோட்ல ஆக்சியான் பற்றிப் பேசினோம். 1977இல் பெச்சேய், குவின் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு கணக்குச் சிக்கலைத் தீர்க்கப் போய், அடுத்த வருஷமே வெயின்பெர்க்கும் வில்செக்கும் அதிலிருந்து ஒரு துகள் வரணும்னு காட்டி, வில்செக் அதுக்கு ஒரு சலவைத்தூள் பிராண்டின் பெயரை வைத்த கதை. 1983இல் பியர் சிக்கிவி அதைப் பிடிக்க ஒரு வழி சொன்னார். பலமான காந்தப் புலத்துக்குள் ஓர் உலோகக் குழியை வைத்து, ரேடியோவைத் திருப்புற மாதிரி அலைவரிசை அலைவரிசையாகத் தேடணும். இன்றுவரை அகப்படவில்லை. கரும்பொருள் அதனால் ஆனதா என்பதும் தெரியாது.

இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுற கதைதான். ஆனால் தேடும் இடம் ஆய்வகம் இல்லை, வீடு. தேடும் பொருள் ஒரு குழந்தைக்கு நடக்க வேண்டியது நடக்காமல் போனது. அதற்குச் சட்டம் வைத்த பெயர் புறக்கணிப்பு.

ஏன் இந்தத் தலைப்பு? நான் இருப்பது சிங்கப்பெருமாள் கோவில். ஒரு பக்கம் மகேந்திரா சிட்டி, இன்னொரு பக்கம் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிகள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்களை எண்ணி முடிக்க முடியாது. அந்த பஸ்ஸில் ஏறுகிற அம்மா, அப்பாக்களின் குழந்தைகள் அடுத்த எட்டு மணி நேரம் யாரோடு இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதைத் தேடிப் போனால், இங்கிருந்து ரயிலில் சில நிறுத்தம் தள்ளியிருக்கும் செங்கல்பட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு காத்திருந்தது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம்

இது யாருடைய வீடும் இல்லை, நாமே உருவாக்குகிற உதாரணம். லைன் வீட்டில் ஒரே அறை. அம்மா கம்பெனி கான்ட்ராக்டில் வேலை, இந்த வாரம் நைட் ஷிப்ட். அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். ஏழு வயது அக்கா, இரண்டு வயது தம்பி. இரவு உணவு செய்து வைத்து, வெளியே பூட்டுப் போட்டு, சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு அம்மா கிளம்புகிறார்.

இது புறக்கணிப்பா?

"ஆமாம், தீப்பிடித்தால் என்ன ஆகும்" என்று சிலர் சொல்வீர்கள். "இல்லை, அவங்க வேற என்ன செய்வாங்க" என்று சிலர். இரண்டு பேரும் சரிதான். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் நூறு வருஷமாகச் சட்டம் தடுமாறிக்கொண்டிருக்கிறது.

செங்கல்பட்டில் தொடங்குகிறது

பிரிட்டிஷ் இந்தியாவில் 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு ஜெயிலில் போடாமல் தனிப் பள்ளியில் வைக்கலாம் என்பது யோசனை. 1880களிலேயே சென்னை மாகாணத்துக்கான அப்படியொரு பள்ளி செங்கல்பட்டில் வந்துவிட்டது. தச்சு, நெசவு மாதிரி ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்து அனுப்புவது அந்தக் காலச் சீர்திருத்தப் பள்ளிகளின் வழக்கம்.

அங்கே போனவர்கள் குற்றம் செய்தவர்கள். 1920இல் சென்னை மாகாணம் ஒரு படி மேலே போனது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922இல், பம்பாய் 1924இல் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம்தான் மாதிரி.

இதில் புதுசு என்னவென்றால், குற்றமே செய்யாத குழந்தையையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தலாம். வீடில்லாத குழந்தை, பிச்சையெடுக்கும் குழந்தை, பெற்றோர் ஜெயிலில் இருக்கும் குழந்தை, குடிக்கு அடிமையான அல்லது குற்றப் பழக்கமுள்ள பெற்றோரிடம் வளரும் குழந்தை. இவர்களையெல்லாம் சான்றிதழ் பெற்ற பள்ளிகளுக்கு அனுப்ப அதிகாரம் கிடைத்தது.

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். பாதி குழந்தையைப் பற்றியது இல்லை. பெற்றோரின் வறுமையையும் ஒழுக்கத்தையும் பற்றியது. "இந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கல?" என்று சட்டம் கேட்கவில்லை. "இந்தக் குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம்?" என்று கேட்டது. என்ஜினியர் பாஷையில் சொன்னால் சென்சாரை வேறெதிலோ மாட்டிட்டாங்க.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் 1868இலேயே, பிள்ளைக்கு உணவு, உடை, மருத்துவம் தராமல் வேண்டுமென்றே புறக்கணிப்பது குற்றமாகிவிட்டது. 1889இல் குழந்தைகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் தனிச் சட்டம் வந்தது.

இதற்கு நடுவில், 1874இல் நியூயார்க்கில், மேரி எலன் வில்சன் என்ற சிறுமியை வளர்ப்புத் தாயின் கொடுமையிலிருந்து மீட்ட வழக்கு உலகப் புகழ் பெற்றது. "அப்போ விலங்குகளைக் காக்கச் சட்டம் இருந்தது, குழந்தைகளைக் காக்க இல்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அந்தக் கதைதான். அது முழு உண்மை இல்லை. அவளுக்கு உதவியவர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பது உண்மை. ஆனால் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் தண்டிக்கச் சட்டம் அப்போதும் இருந்தது, அந்தத் தாய் தண்டிக்கவும் பட்டாள். இல்லாமல் இருந்தது, கதவைத் தட்டிப் பார்க்க ஓர் அமைப்பு. அடுத்த வருஷமே அதற்கான சங்கம் நியூயார்க்கில் உருவானது.

அடி, காயம் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். 1962இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடைய குழுவும் அடிபட்ட குழந்தைகள் பற்றி எழுதிய கட்டுரை உலகையே உலுக்கியதற்கு ஒரு காரணம் எக்ஸ்ரே. பழைய எலும்பு முறிவுகள் படத்தில் வரிசையாகத் தெரிந்தன. புறக்கணிப்புக்கு அப்படி ஒரு எக்ஸ்ரே கிடையாது. ஊட்டாத சோறு, போடாத தடுப்பூசி, பேசாத பேச்சு எந்தப் படத்திலும் விழாது. அதனால் ஆராய்ச்சியாளர்களும் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. 1984இல் வொலோக், ஹொரோவிட்ஸ் என்ற இருவர், புறக்கணிப்பையே எல்லோரும் புறக்கணித்துவிட்டார்கள் என்று ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அமெரிக்காவில் உறுதியாகும் குழந்தைக் கொடுமை வழக்குகளில் பெரும்பகுதி புறக்கணிப்புதான்.

அளவுகோல் செய்தவர்கள்

இங்கேதான் எனக்குள்ளே இருக்கிற சாஃப்ட்வேர்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதை அளக்க முடியுமா?

முயன்றவர்களில் முக்கியமானவர் நார்மன் போலன்ஸ்கி. அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதி, ரொம்ப ஏழைகள் வாழும் இடம். அங்கே அவர் குழந்தைகளின் வாழ்நிலையை மதிப்பிட ஒரு கேள்விப்பட்டியலை உருவாக்கினார். இரண்டு பகுதிகள்: உடல் சார்ந்த கவனிப்பு ஒன்று, மனமும் அறிவும் சார்ந்த கவனிப்பு இன்னொன்று. ஏழைகள் மட்டுமே இருக்கும் இடத்தில் அளந்ததால் ஒரு விஷயம் தெளிவானது. ஒரே அளவு வறுமையில் இருக்கும் இரண்டு வீடுகளில் குழந்தைகளின் நிலை ஒன்றுபோல் இல்லை. அப்படியானால் வறுமையும் புறக்கணிப்பும் ஒன்று இல்லை, பிரித்துப் பார்க்க முடியும்.

அடுத்தது 1990களில், இங்கிலாந்தின் லூட்டன் நகரில். ஸ்ரீவத்சவா என்ற குழந்தைநல மருத்துவரும் பேராசிரியர் போல்னேயும் சேர்ந்து ஒரு தர அளவுகோல் உருவாக்கினார்கள். நான்கு பகுதிகள்: உடல் கவனிப்பு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தரம். 1 என்றால் குழந்தையின் தேவை முழுசாக நிறைவேறுகிறது, 5 என்றால் நிறைவேறவே இல்லை. ஒரே வீட்டை இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டால் ஒத்துப்போகிறதா என்றும் 1997இல் வெளியான கள ஆய்வில் சோதித்தார்கள், நன்றாகவே ஒத்துப்போனது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது "நல்ல அம்மா, கெட்ட அம்மா" என்று ஒரே தீர்ப்புத் தருவதில்லை. நம்ம லைன் வீட்டு அம்மா அன்பில் 1 வாங்கலாம், பாதுகாப்பில் 4 வாங்கலாம். அப்போ செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்குன்னு தெரியுது: இரவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய தேவை அங்கே இல்லை.

ஆனால் அளவுகோல் வைத்திருப்பவரின் பழக்கவழக்கமும் அளவில் கலந்துவிடும். 2011இல் நார்வேயில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டது நினைவிருக்கும். கையால் ஊட்டியதும் கூடவே படுக்க வைத்ததும் குறையாகப் பார்க்கப்பட்டன என்று பெற்றோர் சொன்னார்கள். ரகசியக் காப்பு விதி இருப்பதால் அந்த நாட்டு அதிகாரிகள் விரிவாகப் பேசவில்லை. 2012 ஏப்ரலில் குழந்தைகள் இந்தியா திரும்பினார்கள். எது கவனிப்பு என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு பதில் இருக்கும்போது, அளப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதும் முக்கியமாகிறது.

தமிழ்நாடு எடுத்த இன்னொரு பாதை

அதே காலத்தில் நம்ம ஊரில் வேறொரு அளவுகோல் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் புறக்கணிப்பு அளவுகோல் என்று சொல்லவில்லை. அது ஒரு தராசு.

1980இல் உலக வங்கி கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் குறித்தார்கள். எடை போட்டது உள்ளூர்ப் பெண் பணியாளர். எடை சரியாக ஏறாத குழந்தைக்குக் கூடுதல் ஊட்ட உணவு, தாய்க்கு ஆலோசனை. எடை தேறினால் உணவு நிற்கும். 1982இல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இதுவும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தைப் பார்த்து, குழந்தையை வெளியே எடுத்தது. 1980ஆம் ஆண்டுத் தராசு குழந்தையைப் பார்த்து, வீட்டுக்குள் உதவியை அனுப்பியது. எடை ஏறாததற்குத் தாய்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. தராசுக்கும் எல்லை உண்டுதான். எடை குறைந்தால் காட்டும், குழந்தை பயந்துபோயிருந்தால் காட்டாது. ஆனாலும் அளப்பது எதற்காக என்பதில் அது தெளிவாக இருந்தது.

சட்டத்தில் ஒரு சொல் மாறுகிறது

1986இல் நாடு முழுவதுக்கும் ஒரே இளைஞர் நீதிச் சட்டம் வந்து, மாநிலங்களின் பழைய குழந்தைகள் சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதில் "புறக்கணிக்கப்பட்ட சிறார்" என்று ஒரு வகை. விளக்கம் கிட்டத்தட்ட 1920 போலவேதான்: பிச்சை, வீடின்மை, தகுதியில்லாத பெற்றோர்.

1992இல் இந்தியா ஐநாவின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சொல் போய், "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" வந்தது. புறக்கணிக்கப்பட்ட என்றால் யார் தப்பு என்று தேடத் தோன்றும். தேவைப்படும் என்றால் என்ன தேவை என்று தேடத் தோன்றும். வெறும் சொல் மாற்றமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். சமூக விசாரணை அறிக்கையை 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், 4 மாதத்துக்குள் இறுதி ஆணை. குடும்பத்தில் யார் யார், வருமானம் என்ன, உறவு எப்படி, உடல்நிலை, படிப்பு எல்லாம் அந்த அறிக்கையில் வரும். ஒரு வீட்டின் தலையெழுத்தை மாற்றக்கூடிய படிவம். அதை நிரப்புகிற அலுவலருக்கு எத்தனை வீடுகள் பொறுப்பில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அதன் தரமும் இருக்கும்.

75ஆவது பிரிவு, பொறுப்பில் உள்ளவர் வேண்டுமென்றே புறக்கணித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. பெற்ற தாய் தந்தை தங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட்டிருந்தால், அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது. 1920இலிருந்து 2015 வரை நடந்த பயணத்தை இந்த ஒரு வரியில் பார்க்கலாம். வறுமையைக் குற்றத்திலிருந்து பிரிக்கச் சட்டம் மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது.

தவறான அலாரம், அடிக்காத அலாரம்

மென்பொருளில் எந்தக் கண்டறியும் கருவிக்கும் இரண்டு வகைத் தவறு உண்டு. ஒன்றுமில்லாத இடத்தில் அலாரம் அடிப்பது. இருக்கிற இடத்தில் அடிக்காமல் போவது. ஆக்சியான் தேடலில் தவறான அலாரம் அடித்தால் இன்னொரு தடவை அளந்துகொள்ளலாம். குழந்தை விஷயத்தில் அப்படி முடியாது. எடுத்துச் சென்ற குழந்தைக்கு அந்த மாதங்கள் திரும்பி வராது.

எடுத்துச் சென்று எங்கே வைக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கும் மாமல்லபுரத்தில், ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றி வந்த செய்தி 2007இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கானது. பத்தாண்டு கழித்து, 2017 மே 5 அன்று நீதிபதி மதன் லோகூர் அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது 2015 சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டில், அரசின் சிறுவர் இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அங்கிருந்த ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு, இத்தகைய இல்லங்களை எப்படி மேம்படுத்துவது என்று பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. அது சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கான இல்லம், வழக்கின் வகை வேறு. ஆனால் நம்ம கேள்விக்கு அது முக்கியம். குடும்பத்தை 1 முதல் 5 வரை அளக்கிற அரசு, தன்னுடைய இல்லத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்.

ஷிப்ட்டுக்கு யார் பொறுப்பு?

கற்பனை வீட்டுக்கு வருவோம். அந்த அம்மா ஏன் நைட் ஷிப்ட்டில் இருக்கிறார்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு வேலையில் அமர்த்தத் தடை விதித்திருந்தது. அந்தப் பிரிவை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா வழக்கில், செல்லாது என்றது. பாதுகாப்பு, வாகன வசதி போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. சமத்துவம் என்ற வகையில் சரியான தீர்ப்பு, நான் அதற்கு எதிராகப் பேசவில்லை. பெண்கள் கேட்டு வாங்கிய உரிமை அது.

அதே 1948 சட்டத்தில் 48ஆவது பிரிவும் இருந்தது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கான்ட்ராக்ட் தொழிலாளியின் குழந்தையை அந்தக் காப்பகத்தில் விட முடிகிறதா? இரவு பத்து மணிக்கு அது திறந்திருக்கிறதா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியுமா? அங்கன்வாடி பகல் நேரத்தில்தான். பாட்டி ஊரில் இருக்கிறார். எதிர்வீட்டு அக்காவுக்கும் நாளைக்கு ஷிப்ட் உண்டு.

சமூக விசாரணைப் படிவத்தில் அம்மாவின் வருமானத்தை எழுத இடம் இருக்கிறது. காப்பகம் தராத முதலாளியைப் பற்றி யாரும் 15 நாளில் அறிக்கை எழுதுவதில்லை. 1920இல் சென்சாரைக் குடும்பத்தின் மேல் மாட்டியவர்கள் செய்த அதே வேலையை நாம் இன்னும் கொஞ்சம் நாகரிகமாகச் செய்துகொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்காக, வறுமை என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வசதியான வீட்டிலும் புறக்கணிப்பு நடக்கும், அங்கே அலாரம் அடிப்பதே இல்லை. 2007இல் மத்திய அரசின் அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் பெண் குழந்தைகளைத் தனியாகக் கேட்டார்கள். அண்ணன் தம்பிக்குக் கிடைக்கிற கவனம், சாப்பாடு உனக்குக் கிடைக்கிறதா என்ற மாதிரிக் கேள்விகள். கிட்டத்தட்ட பாதிப் பெண் குழந்தைகள், ஆணாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். பூட்டு இல்லாத, அம்மா அப்பா இருவரும் இருக்கிற வீடுகளிலும்தான் இது.

ஆகவே, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றிக் கவலை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையை. சாப்பிட்டிருக்கிறதா, பள்ளிக்குப் போகிறதா, காய்ச்சல் வந்தால் யாராவது தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களா, பேச்சுக் கொடுத்தால் பேசுகிறதா. அடுத்து, அந்த வீட்டில் இல்லாதது என்ன என்று பாருங்கள். பணமா, ஆளா, நேரமா, மனமா? முதல் மூன்றில் உங்களால் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்வதும் உதவிதான். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் 1098ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அழைக்கும்போது அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்.

உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா, அதில் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் குழந்தைக்கும் இடம் உண்டா என்று இந்த வாரம் எச்ஆரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.